கூச்சம் என்று நீங்கள் சொன்னது

அண்ணாச்சி,

போன வாரம் இருட்டறையின் இரும்பு அலமாரியைக் காலி செய்தோம். புதுக் கேமரா வரப்போகிறது, அதற்கு இடம் வேண்டுமாம். கீழ் டிராயரில், எரிந்துபோன பல்புகளுக்கும் கருப்புத் துணிக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடந்தது. திறந்தால் உங்கள் பல்வரிசை. கண்ணை அளக்கும்போது தலை ஆடாமல் இருக்க எல்லோரும் கடித்துக்கொள்வார்களே, அந்த மெழுகுத் தகடு. மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் பாதி உடைந்திருக்குமே உங்களுக்கு, அது அப்படியே பதிந்திருக்கிறது. டப்பா மூடியில் மார்க்கர் பேனாவால் உங்கள் கையெழுத்து: 'நார்மல் 1'.

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பியூன் பையன் எட்டிப் பார்த்து, "மேடம், இசே ஃபேக் தூ க்யா?" என்று கேட்டான். தூக்கிப் போட்டுவிடட்டுமாம். "தொட்டேன்னா கையை உடைப்பேன்" என்று தமிழில் சொன்னேன். அவன் உத்தரப் பிரதேசத்துக்காரன், ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உங்களைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன். போனவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். இரண்டு வருஷமாக மனசுக்குள் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், பாதியில் அது என்னோடு போடும் சண்டையாக மாறிவிடுகிறது. எழுதினாலாவது யார் பக்கம் எவ்வளவு தப்பு என்று தெரிகிறதா பார்க்கிறேன்.

நீங்கள் செம்பூருக்கு நம் கண் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்த புதிதில் நான் உங்களை அவ்வளவாக மதிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தாராவியில் ஏதோ லேத் பட்டறையில் இருந்தவர், காண்ட்ராக்டில் எடுத்திருக்கிறார்கள், ஆணி அடிக்க ஆள் வேண்டியதுதான் என்று நினைத்தேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இருக்கிற திமிர். வந்த பத்தாம் நாள், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஆறு மாதம் ஆகும் என்று சொன்ன சுழல் தட்டை, வெளிச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிற அந்தத் தட்டை, பழைய அலுமினியத்தில் அறுத்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தீர்கள். "சரியா இருக்கான்னு பாருங்க மேடம். இல்லன்னா இன்னொண்ணு அறுத்துருதேன்." சரியாக இருந்தது. அன்றிலிருந்து நானும் அண்ணாச்சி என்றேன். வயதில் நீங்கள் என்னைவிட இரண்டு வருஷம் சின்னவர், ஆனால் மராட்டிக்காரரான பெரிய டாக்டரே உங்களை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அது உங்கள் பெயர் என்றே அவர் கடைசிவரை நினைத்திருந்தார்.

அந்தத் தட்டை வைத்து நீங்கள் கட்டிய கருவி என்ன செய்கிறது என்று தமிழ் நோயாளிகளுக்கு நீங்கள் சொல்வதைக் கேட்கவே நான் கதவோரம் நிற்பேன். நான் படித்த படிப்புக்கு இத்தனை எளிதாக எனக்கு ஒரு நாளும் சொல்ல வந்ததில்லை. "கண்ணுக்குள்ள பின்னால ஒரு தெரை இருக்கும்மா. அதுல ஒரு சாயம். வெளிச்சத்தக் குடிக்கிற சாயம். நாங்க கொஞ்சூண்டு வெளிச்சத்த உள்ள அனுப்புவோம். எவ்வளவு திரும்பி வருதுன்னு பாப்போம். வராதது அது குடிச்சது. பொறவு பளீர்னு ஒரு லைட்டக் காட்டுவோம். சாயம் வெளுத்துப் போவும். அப்போ குடிக்க ஆளில்லல்லா, முன்னவிட நெறையத் திரும்பி வந்துரும். அந்த வித்தியாசத்த வச்சி உங்களுக்கு எவ்வளவு சாயம் இருக்குன்னு சொல்லிருவோம். பயப்படாண்டாம், அரை மணி இருட்டுல இருந்தா மறுபடி ஊறிரும்."

வித்தியாசமே வரவில்லை என்றால்? அதை மட்டும் நீங்கள் சொல்லவே மாட்டீர்கள். நோயாளிகள் பயப்படக் கூடாது என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

கருவி தயாரானதும் முதலில் நல்ல கண் ஒன்று வேண்டியிருந்தது. நோயில்லாத கண்ணில் என்ன அளவு வருகிறது என்று தெரிந்தால்தானே மற்றவர்களுடையதை அதோடு ஒப்பிட முடியும். யார் கண்ணை எடுக்கலாம் என்று டாக்டர் கேட்டார். எனக்குப் பவர் அதிகம், அவருக்குச் சர்க்கரை. "அண்ணாச்சி இருக்காரே, கண்ணாடியே இல்லாமல் மயிரிழைக் கம்பியைக் கோத்துவிடுகிறார், அதைவிட நல்ல கண் எங்கே கிடைக்கும்?" என்று இந்தியில் சொன்னார் டாக்டர். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

"எனக்கு வேண்டாம் மேடம். எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டும்."

"கூச்சமா? பொண்ணு பார்க்கவா வரா உங்களை? மெழுகைக் கடிச்சுண்டு இருட்டில உக்காரப் போறேள், அவ்வளவுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டருக்கு இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னேன், அவரும் சிரித்தார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள் அண்ணாச்சி. அதுதான் எனக்கு ஆறவில்லை. "கண்ணு கூசும் மேடம், பொழுது அடஞ்சா தெரியாது மேடம்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னது பொய்யும் இல்லை. எங்கள் வீட்டில் கூச்சம் என்றால் வெட்கம். நீங்கள் சொன்னது வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறதே, அந்தக் கூச்சம். நான் ஒன்றைக் கேட்டேன், நீங்கள் மற்றதைச் சொன்னீர்கள், நான் தப்பாகக் கேட்டுக்கொண்டது உங்களுக்குச் சௌகரியமாகப் போய்விட்டது.

அந்த வார்த்தையை வைத்தே நீங்கள் என்னை வருஷக்கணக்கில் ஏய்த்திருக்கிறீர்கள். நவராத்திரிக்கு வீட்டுக்கு வாங்கோ என்று கூப்பிட்டேன். உங்கள் மனைவி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்கள். நீங்கள் கீழே தெருவிளக்கடியில் நின்றுகொண்டீர்கள். பால்கனியிலிருந்து கூப்பிட்டால், "இருக்கட்டும் மேடம், கூச்சமா இருக்கு" என்றீர்கள். அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் ஒரு பெரிய பிரசங்கமே செய்தேன். நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கு வர அவருக்குக் கூச்சமாக இருக்கிறது பாருங்கள், காலம் காலமாக நாம் நடந்துகொண்ட விதம் அப்படி, மாற வேண்டியது நாம்தான், அது இது என்று. கண்ணில் தண்ணீர்கூட வந்தது எனக்கு. என் நல்ல மனசை நினைத்து எனக்கே பெருமை. எங்கள் கட்டடம் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளிலேயே பழைய கட்டடம். மாடிப்படியில் பல்பு போய் ஒரு மாதமாகியிருந்தது. நீங்கள் ஏறாததற்கு அதுதான் காரணம், என் பாட்டன் முப்பாட்டன் செய்த பாவம் இல்லை.

சரி, அளந்த கதைக்கு வருகிறேன்.

முதல் நாள் உங்கள் கண்ணில் சொட்டு விட்டு, அரை மணி இருட்டில் உட்கார வைத்து, அளந்தோம். பளீர் வெளிச்சத்தைக் காட்டினோம், மறுபடி அளந்தோம். இரண்டும் ஒரே அளவு. வித்தியாசம் இல்லை. மறுநாளும் அப்படியே. விளக்கு பலமில்லை என்றேன். விளக்கை மாற்றினீர்கள். தலையை ஆட்டுகிறீர்கள் என்று உங்களை அதட்டினேன். "ஆட்டாதீங்கோ அண்ணாச்சி, எத்தனை தரம் சொல்றது!" புதிதாக மெழுகை வெந்நீரில் போட்டு, இன்னும் ஆழமாகக் கடித்து, வேறு தகடு செய்தீர்கள். "வெளிச்சம் எங்ஙனயோ ஒழுகுது மேடம், பாக்கேன்" என்று சொல்லிக் குழாய் முழுவதையும் கழற்றி உள்ளே கருப்புச் சாயம் பூசினீர்கள். ஒவ்வொரு திருகையும் முடுக்கினீர்கள். மூன்று வாரம். உடம்பில் நோவில்லாதவனைப் படுக்க வைத்து மருத்துவம் பார்த்த மாதிரி, பழுதே இல்லாத ஒரு கருவியை நீங்கள் மூன்று வாரம் பழுது பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தது. அது சரியாகத்தான் சொல்கிறது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

அளக்கிற நாட்களில் நீங்கள் நாற்காலியில் இடித்துக்கொண்டால், சொட்டு மருந்தினால் என்று நாங்கள் நினைத்தோம். யார் கண்ணில் விட்டாலும் கூசத்தானே செய்யும்.

கடைசியில் எனக்கே பொறுமை போய், ஒரு புதன்கிழமை மத்தியானம் என் கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டு நானே உட்கார்ந்தேன். பவர் இருந்தால் இருக்கட்டும், லென்ஸ் போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று. நீங்கள்தான் கருவியை இயக்கினீர்கள். பளீர் வெளிச்சம் போனதும் தகட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து திரையைப் பார்த்தேன். கோடு ஜம்மென்று மேலே ஏறி நின்றது. பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி வித்தியாசம். நான் சந்தோஷத்தில் கைதட்டினேன். தட்டின கை பாதியில் நின்றுவிட்டது.

நீங்கள் திரையைப் பார்க்கவில்லை. குறடைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அப்போ மெஷின் நல்லாத்தான் இருக்கு, மேடம்" என்றீர்கள்.

அப்புறம் விளக்கைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னீர்கள். உங்கள் அப்பாவுக்கும் இதே. முதலில் ராத்திரி தெரியவில்லை, பிறகு பக்கவாட்டில் தெரியவில்லை, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது நீங்கள். உங்களுக்கு இருட்டில் தெரியாமல் போய்ப் பல வருஷமாகிறது. இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் விளக்கு, அதனால் ஓட்டிவிட்டீர்கள். நேர்ப் பார்வை சுத்தமாக இருந்ததால் லேத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"டாக்டர்ட்ட சொல்லலாம் அண்ணாச்சி. பதிவு பண்ணிக்கலாம். வீட்டில எல்லாரையும் பார்க்கணும். பொண்ணையும்."

"எம்புள்ளய விட்டுருங்க மேடம்." அப்படி ஒரு குரல் உங்களிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. "தெரிஞ்சா மருந்து இருக்கா? சொல்லுங்க. நீங்க படிச்சவுக."

"இப்போதைக்கு இல்லை."

"பொறவு எதுக்கு? இருக்கிற வரைக்கும் அது நிம்மதியா இருந்துட்டுப் போவட்டும். எனக்கு வேலை உறுதியாவுற நேரம். அளவு எழுதுற அந்த நோட்டுல மட்டும் எழுதிராதிய. உங்க காலுல விழுந்து கேக்கேன்."

விழவில்லை. விழுந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், மறுத்திருப்பேன். நீங்கள் நின்றுகொண்டே கேட்டீர்கள், நான் நோட்டை எடுத்து உங்கள் பதினோரு அளவுகளுக்கும் எதிரே 'கருவிக் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'நார்மல் 1' என்ற இடத்தில் என் கண் வந்தது. பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் அன்று வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு ஐந்தரை மணியானால், "அண்ணாச்சி, கிளம்புங்கோ" என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். மழைக்காலத்தில் ஐந்துக்கே. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்கு வேண்டியவர் என்று. இருக்கட்டும் என்று விட்டேன். உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு கர்வம்கூட வந்துவிட்டது. உங்களிடம் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெண்ணைப் பார்க்கலாம் என்று இன்னொரு தரம் சொல்லவில்லை. கைத்தடி, பாலத்தில் எந்தப் பக்கமாக நடப்பது, யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்வது, இதெல்லாம் சொல்லித்தர இந்த ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நோயே இல்லை என்று எழுதிய பிறகு எதற்கென்று சொல்லி அனுப்புவது?

அந்த நாள். மறுநாள் வெளியூரிலிருந்து விருந்தாளிகள் கருவியைப் பார்க்க வருவதாக இருந்தது. மூன்று மணிக்குக் கருவியின் விளக்கு இடம் நகர்ந்துபோய்விட்டது. நீங்கள் சரி செய்துகொண்டிருந்தீர்கள். ஐந்தரை ஆனது. நான் எதுவும் சொல்லவில்லை. ஆறு ஆனது. நீங்கள் ஜன்னல் பக்கம் இரண்டு தரம் பார்த்தீர்கள். நான் பார்த்தேன் அண்ணாச்சி, நீங்கள் பார்ப்பதை நான் பார்த்தேன். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது.

"அரை மணிதான் அண்ணாச்சி. முடிச்சுடலாம்."

"சரி மேடம்."

அரை மணி ஒரு மணிக்கும் மேலே போனது. வெளியே விளக்குகள் போட்டுவிட்டார்கள். "ஆட்டோல போங்கோ" என்றேன். "போயிருதேன் மேடம்" என்றீர்கள். மழையில் செம்பூரில் ஆட்டோ கிடைக்காது என்று இங்கே இருக்கும் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். விருந்தாளிகளுக்கு என்ன டிபன் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ரயிலில் போய்ச் சுனாபட்டியில் இறங்கினீர்கள். பாலத்தில் கூட்டம், படியும் தெரியாது. எப்போதும் கடக்கிற இடத்தில் தண்டவாளத்தைக் கடந்தீர்கள். முதலில் எதிர்ப்பக்கம் ஒரு வண்டி போயிருக்கிறது, அதற்காக நின்றிருக்கிறீர்கள். அதன் முன்விளக்கு உங்கள் கண்ணில் முழுதாக அடித்திருக்கும். அதற்குப் பிறகு உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று உலகத்தில் சரியாகச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான், ஏனென்றால் அதைத்தானே நான் உங்களுக்குப் பதினோரு தரம் செய்தேன். பளீரென்று காட்டிவிட்டு, என்ன மிச்சம் என்று அளந்தேன். ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த வண்டி வந்தது. ஹாரன் கேட்டிருக்கும். எந்தத் தண்டவாளம் என்று தெரிந்திருக்காது. வண்டியை ஓட்டியவர் போலீஸில் எழுதிக்கொடுத்தார்: ஹாரன் அடித்தேன், அந்த ஆள் விலகவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்! அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உங்கள் சால் குடியிருப்பு முழுவதும் முடிவு கட்டிவிட்டது. தானாகப் போய் நின்றுவிட்டார் என்று.

நான் துக்கம் கேட்கப் போனேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மேடம், அவுகளுக்கு ஆபீசுல எதும் பிரச்சினையா? யாரும் ஒரு வார்த்தை சொல்லிட்டாங்களா? எதுக்கு இப்பிடிச் செஞ்சிட்டுப் போனாக?" உங்கள் பெண் அடுக்களைக் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வயது. நான் சொல்லியிருக்கலாம். அவர் செய்யவில்லை, அவருக்குத் தெரியவில்லை, இரண்டே வார்த்தை. அதைச் சொன்னால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். நோயின் பெயரைச் சொன்னால் அந்தப் பெண்ணின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நோட்டில் பொய் எழுதியவள் நான், அன்று நிறுத்தி வைத்தவள் நான், அது வெளியே வந்தால் என் கதி என்ன என்பது மறுபாதி. "ஒண்ணும் இல்லைம்மா, எல்லாரும் அவர்கிட்ட பிரியமாத்தான் இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். குடித்தேன் அண்ணாச்சி. முழு டம்ளர்.

அதனால்தான் போன வாரம் அந்த டப்பாவைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாயங்காலமே உங்கள் பெண்ணுக்குப் போன் செய்தேன். சான்பாடாவில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள், தெரியுமா? "அப்பா பண்ணின மெஷினை எடுக்கப் போறாம்மா. அதுக்கு முன்னாடி ஒரு தரம் வந்து பாரேன். உன்கிட்ட சொல்ல வேண்டிய விஷயமும் ஒண்ணு இருக்கு."

நேற்று வந்தாள். உங்களைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். கருவியைத் தொட்டுப் பார்த்தாள், திருகுகளை எல்லாம் தடவினாள். "ஆன்ட்டி, அப்பா உக்காந்த மாதிரி நான் ஒருவாட்டி உக்காரட்டா? எனக்கும் எடுங்க." நானாகக் கேட்க வாய் வராமல் இருந்ததை அவளே கேட்டாள். சொட்டு விட்டேன். கதவைச் சாத்தினேன். விளக்கை அணைத்தேன். சாயம் ஊற அரை மணி, உங்களுக்குத் தெரியாதா.

பத்து நிமிஷம் கழித்து எனக்கு அவள் முகத்தின் ஓரம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. மேஜை தெரிந்தது. அவள் அதே மேஜையில் தண்ணீர் பாட்டிலைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தாள், பாட்டில் அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"தெரியலையாம்மா?"

"இருட்டுல எப்படி ஆன்ட்டி தெரியும்? யாருக்குமே தெரியாதுல்ல? சின்ன வயசுல ஒருவாட்டி அப்பாகிட்ட கேட்டேன். யாருக்கும்தான் தெரியாது, லைட்டப் போட்டுக்கோன்னாரு. எங்க வீட்ல லைட்டு அணைக்கவே மாட்டோம்."

அடப் பாவி மனுஷா! உங்களுக்குத் தெரிந்திருந்தது. 'புள்ளைக்கு இருக்கான்னு தெரியாது' என்கிற மாதிரி என்னிடம் பேசினீர்களே, அந்தக் குழந்தை சின்ன வயதிலேயே உங்களிடம் வந்து கேட்டிருக்கிறது. நீங்கள் அதற்கு உலகத்தையே குருடாக்கிக் காட்டிவிட்டீர்கள், அது தான் மட்டும் குருடு என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. எனக்கு அந்த இடத்தில் உங்கள் மேல் வந்த கோபத்தை என்ன சொல்ல. உங்களை உலுக்கியிருப்பேன். கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

இருட்டிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கண், பதினோரு அளவு, நான் எழுதிய பொய், அன்று மாலை நான் நிறுத்தி வைத்தது, அந்த முன்விளக்கு. வெளிச்சத்தில் என்னால் சொல்லியிருக்க முடியாது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"மத்லப்... அதாவது, அப்பா குதிக்கல?"

"இல்லைம்மா."

"ஆன்ட்டி, நிஜமா சொல்லுங்க. அப்பா எங்கள விட்டுட்டுப் போகல?"

"வீட்டுக்குத்தான் வந்துண்டிருந்தார். எங்க நிக்கறோம்னு அவருக்குத் தெரியலை."

அவள் அழுததை நான் எழுதப் போவதில்லை. அது அடங்கியதும், இந்த நோய் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றால் இப்படியே எழுந்து போய்விடலாம் என்றும் சொன்னேன். "எடுங்க ஆன்ட்டி" என்றாள். மெழுகைக் கடித்தாள். அளந்தேன். பளீர் வெளிச்சத்தைக் காட்டினேன். மறுபடி அளந்தேன். கோடு அசையவில்லை. அவளை எழுப்பித் திரையைக் காட்டினேன். பக்கத்தில் என் பழைய கோட்டையும் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அச்சா" என்றாள். அவ்வளவுதான். இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டாள். இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் உன்னைப் போல் இருப்பவர்களுக்கு நடக்கவும் வேலை செய்யவும் சொல்லித்தருகிறார்கள், நானே கூட்டிப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

பிறகு வெளியே தாழ்வாரத்துக்கு வந்து, சொட்டு மருந்தில் கண் கூச, கையால் மறைத்துக்கொண்டு போன் செய்தாள்.

"மம்மி, அப்பா குதிக்கல. சுனா, கேட்டியா? அப்பா குதிக்கல. அப்பாக்குக் கண்ணு தெரியாம இருந்துச்சு, அவ்வளவுதான். ஆன்ட்டி இப்பத்தான் சொன்னாங்க. நீ அழாத. நீ முதல்ல ஸ்டூலப் போட்டு ஏறி, லாஃப்ட்ல இருந்து அப்பா போட்டோவ எடுத்து மாட்டு. நான் வரப்போ அது செவுத்துல இருக்கணும்."

உங்கள் படத்தைப் பரணில் போட்டிருந்தார்கள் அண்ணாச்சி. இரண்டு வருஷமாக. நான் வாயைத் திறக்காததால்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சிரித்த முகம். இப்போதுதான் தன் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டவள் முகம் மாதிரியே இல்லை. "என் விஷயம் இன்னிக்கு வேண்டாம் ஆன்ட்டி. மம்மி இன்னிக்கு ஒருநாள் இத மட்டும் வெச்சிட்டுத் தூங்கட்டும். நாளைக்கு நீங்க வாங்க. நீங்க சொன்னா மம்மி நம்புவாங்க."

பொழுது அடைவதற்கு முன்பே, கையைப் பிடித்து ஸ்டேஷன் வரை கொண்டுபோய், பாலம் ஏற்றி, வண்டியில் உட்காரவைத்துவிட்டு வந்தேன்.

இன்றுதான் அவள் சொன்ன அந்த 'நாளைக்கு'. புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மனைவி காப்பி போட்டு வைத்திருப்பார்கள், நல்ல செய்தி சொன்னவள் என்று என்னைக் கும்பிடுவார்கள். அந்த முகத்தைப் பார்த்து, உங்கள் ஒரே பெண்ணுக்கும் அதே கண்தான் என்று நான் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அண்ணாச்சி. நீங்கள் சொல்லாமல் போய்விட்டீர்கள், நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.